நல்லூர்க் கொடிக்கும் தேருக்கும் இடையில்: மலைநாட்டுக் கலை விழாக்களுக்குச் செல்வோருக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்குச் செல்பவர்களுள் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத்தையும் நீர்வீழ்ச்சியையும் பார்த்து, குளிரில் இரண்டு நாள் நடுங்கிவிட்டுத் திரும்புகின்றனர். அவை எந்த மாதத்திலும் அங்கேயே இருப்பவை. கண்டி நடனக் கலைஞனின் வெள்ளித் தலையணி, யானைக்குப் போர்த்தும் பூவேலைத் துணி, காமன்கூத்தில் இரதி பாடும் ஒப்பாரி ஆகியவை அப்படியல்ல; அவை காலம் பார்த்தே வெளியே வருகின்றன. அவற்றைக் காண விரும்பி, எந்த மாதத்தில் எங்கே போவது, போன இடத்தில் என்ன பார்ப்பது, எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விழா இரவில் நடக்கிறது என்றால், அந்த விழாவுக்கு வேண்டிய பொருட்களைச் செய்கிற கைகள் பகலில் கண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஆகவே இரவையும் பகலையும் ஒன்றாகச் சேர்த்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள். ஒன்றை மட்டும் பார்ப்பது பாதிப் பயணமே.

எந்தக் காலம்

கண்டியின் ஊர்வல விழாவான பெரஹரா எப்போது நடக்கும் என்பதை அறிய யாழ்ப்பாணத்தவருக்குத் தனியாக ஒரு நாட்காட்டி தேவையில்லை. நல்லூரில் ஆடி அமாவாசையை அடுத்த ஆறாம் நாளளவில் கொடியேறுகிறது. கண்டியில் தெருவுக்கு வரும் ஊர்வலங்களும் ஏறத்தாழ அதே நாட்களில் தொடங்கி, அடுத்து வரும், சிங்களத்தில் நிக்கினி எனப்படும் பௌர்ணமியுடன் உச்சத்தை அடைகின்றன. நல்லூர்க் கணக்கில் சொன்னால், பத்தாம் நாள் மஞ்சத்தை ஒட்டிக் கண்டியின் கடைசி இரவு வருகிறது. நல்லூர்த் தேர் இருபத்துநான்காம் நாள் என்பதால், கண்டிக்குப் போய் மூன்று நான்கு நாள் தங்கிவிட்டு வந்தாலும் தேருக்கும் தீர்த்தத்துக்கும் வேண்டிய அளவு நாள் மிஞ்சும். நல்லூரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தயங்குகிற வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்; என் வீட்டில் இதனால்தான் அனுமதி கிடைத்தது. நல்லூர் நாட்களில் மச்சம் உண்ணாதவர்கள் உணவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. கண்டி நகரில் சைவக் கடைகள் உண்டு. போயா தினத்திலோ நாடு முழுவதும் இறைச்சியும் மதுவும் விற்கப்படுவதில்லை.

தெருவில் நடக்கும் பத்து இரவுகளில் முதல் ஐந்தைக் கும்பல் பெரஹரா என்றும் பின் ஐந்தை ரந்தோலிப் பெரஹரா என்றும் அழைக்கின்றனர். தமிழ்க் காதுக்குக் கும்பல் என்ற பெயர் குழப்பத்தைத் தரும். உண்மையில் கும்பல் குறைவாக இருப்பது அந்த ஐந்து இரவுகளில்தான். ரந்தோலி என்பது பொற்பல்லக்கு. அந்த இரவுகளில் ஊர்வலம் நாளுக்கு நாள் நீண்டு, யானைகளும் கலைஞர்களும் பெருகி, கடைசி இரவில் நகரமே அசைய முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. கலையைப் பார்க்கப் போகிறவருக்குக் கும்பலின் நான்காம் ஐந்தாம் இரவுகளையும் ரந்தோலியின் முதல் இரவையும் நான் சிபாரிசு செய்வேன். ஆட்டக்காரரின் கால் எடுப்பும் உடுப்பின் தையலும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்க இடம் கிடைப்பது அந்த இரவுகளில்தான். கடைசி இரவின் மறுநாள் மகாவலி கங்கையில் கெட்டம்பேயில் நடக்கும் நீர்வெட்டுச் சடங்கையும் அதைத் தொடரும் பகல் ஊர்வலத்தையும் மட்டும் தவறவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில்தான் நிறங்கள் உண்மையான நிறங்களாகத் தெரிகின்றன.

இரண்டாவது காலம் மாசி. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையளவில் மலையகத் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றப்படுகிறது. அதிலிருந்து பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரிக்கப்படும் வரையில் காமன்கூத்து நடக்கிறது. அதே பௌர்ணமியை ஒட்டி வரும் மாசி மகத்தில் மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர்கள் வீதிக்கு வருகின்றன. யாழ்ப்பாணத்துத் தேர்ச் சிற்பங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மாத்தளைத் தேர்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு நாள் வேலை. மாத்தளை ஏ9 வீதியில் கண்டிக்கு முன்னரே வந்துவிடுவதால், தேரைப் பார்த்துவிட்டு மேலே ஏறுவதும் எளிது.

சித்திரையில் நுவரெலியாவில் நடக்கும் வசந்தகாலத்தைப் பலர் கேட்பார்கள். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் உண்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கைவினையைத் தேடிப் போகிறவருக்கு அங்கே அவ்வளவாக வேலை இல்லை.

போகும் வழி

ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிவது. நீளம் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகச் செல்லும் பேருந்தில் இரவு ஏறினால் விடியலில் கண்டியில் இறங்கலாம். புகையிரதத்தில் போக விரும்புவோர் வடக்குப் பாதை பிரியும் பொல்கஹவெலவில் இறங்கிக் கண்டிப் புகையிரதத்துக்கு மாற வேண்டும். பொதி குறைவாக இருக்கும் போகும் பயணத்துக்குப் புகையிரதமும், வாங்கிய பொருட்களோடு வரும் பயணத்துக்குப் பேருந்தும் ஏற்றவை. மழைக்காலமாயின் புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சமதரையில் வாழும் நாம் மறந்துவிடுகிற விடயம் இது.

ஓகஸ்ட் மாதத்துக் கண்டியில் திடீரென்று தூறும். குடை விரித்தால் பின்னாலிருப்பவர் ஏசுவார். ஆகவே மழைச்சட்டை கொண்டு செல்லுங்கள். மாசி மாதத்தில் தோட்டத்து இரவு உறையும்; கம்பளி உடுப்பும் காதை மூடும் துணியும் காலுறையும் வேண்டும். ஈரப் புல்லில் அட்டை ஏறும். ஏறினால் பிடித்து இழுக்காமல் உப்பையோ சவர்க்காரத்தையோ வைத்தால் தானாக விழுந்துவிடும்.

பெரஹரா இரவில்

மாலையில் வீதிகள் மூடப்பட்டுவிடும். நடைபாதையில் இலவசமாக இருந்து பார்ப்பவர்கள் நண்பகலிலேயே பாயும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்து இடம் பிடிக்கின்றனர். கடைகளுக்கு முன்னால் போடப்படும் கதிரைகள் பணத்துக்குக் கிடைக்கின்றன. கதிரை வாங்குவதாயின் எத்தனையாவது வரிசை என்பதைப் பணம் கொடுக்குமுன் நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நான் முதன்முறை சென்றபோது தங்குமிடம் வீதிக்கு மறுபுறத்தில் இருந்தது. ஒரு தேநீர் குடிக்கலாம் என்று இப்பால் வந்த என்னால், ஊர்வலம் முழுவதும் முடியும்வரை அப்பால் போக முடியவில்லை. கம்பளிச் சட்டையும் மருந்தும் அறைக்குள் கிடந்தன. ஆகவே தங்குமிடத்தைத் தெரிவு செய்யும்போது, ஊர்வலம் செல்லும் பாதையைக் கேட்டு அறிந்து, நீங்கள் இருந்து பார்க்கப்போகும் பக்கத்திலேயே அறை எடுங்கள். யானைகள் மிரண்டால் எந்த ஒழுங்கையால் விலகுவது என்பதையும் முன்னரே பார்த்து வையுங்கள். யானையின் முகத்துக்கு நேரே ஒளி பாய்ச்சிப் படம் எடுக்கவேண்டாம். புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகைக்குள் செல்வதாயின் தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

இனி, என்ன பார்ப்பது என்பதற்கு வருகிறேன். முதலில் சாட்டையடிப்போர் வருவர்; அடுத்துத் தீப்பந்து சுழற்றுவோர். பந்தங்களில் எரிவது கொப்பரா என்பதை மணமே சொல்லிவிடும். அதன் பின்னர் மேளம். நம் காதுகள் தவிலுக்குப் பழகியவை. ஆதலால் கண்டியின் மேள வரிசையைக் கேட்பதில் யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு தனி வசதி உண்டு. கெட்ட பெரய என்பது நடுவில் பருத்து இருபுறமும் ஒடுங்கிய மேளம். இரு முகங்களுக்கும் வெவ்வேறு தோல் கட்டுவதால் ஒரு கை கனத்தும் மறு கை கூர்மையாகவும் பேசும். தவுல் என்னும் மேளம் பெயரிலேயே தவிலின் உறவைச் சொல்கிறது. தம்மட்டம என்பது குச்சியால் அடிக்கும் இரட்டை மேளம். ஹொரனேவ என்னும் ஊதுகருவியைக் கேட்டவுடன் நாதஸ்வரத்தின் சின்னத் தம்பி என்று என் தகப்பனார் சொன்னார். அதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் இவ்வரிசையிலேயே வருகின்றன. பத்தினி நம் கண்ணகி. கதிர்காமத் தெய்வம் நம் முருகன். அந்த ஊர்வலத்தில் காவடியாட்டமும் வரும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இது தேவாலயங்களின் விழாவாகவே இருந்தது. 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் என்னும் நாயக்க வம்சத்து மன்னன் காலத்திலேயே புத்தரின் புனித தந்தம் ஊர்வலத்தின் முன்னால் வந்தது. இதை அறிந்து பார்ப்பவருக்குப் பின்பாதி ஊர்வலம் அந்நியமாக இராது. சுற்றுலாக்காரர் பலர் எழுந்து போகத் தொடங்கும் அந்த நேரத்தில் முன்வரிசைக்கும் இடம் கிடைக்கும்.

பகலில் கிராமங்கள்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் சென்று பிலிமத்தலாவையில் இறங்கித் தவுலகல வீதியில் திரும்புங்கள். அரை நாளுக்கு ஒரு முச்சக்கர வண்டியைப் பேசிக்கொண்டால் கடலாதெணிய, லங்காதிலக, எம்பெக்கே ஆகிய பழைய வழிபாட்டிடங்கள் மூன்றையும் பார்க்கலாம். இடையில் இருமருங்கும் பித்தளை வார்ப்போர், மரம் செதுக்குவோர் கடைகளும் பட்டறைகளும் உண்டு. 1344இல் கட்டப்பட்ட கடலாதெணிய விகாரையைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியர். கல்வேலையைப் பார்த்ததும் ஏதோ நம்மூர்க் கோயில் போல இருக்கிறதே என்று தோன்றுவதற்குக் காரணம் அதுதான். எம்பெக்கே தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது. அதன் மேள மண்டபத்து மரத்தூண்களில் பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவை, மற்போர் செய்வோர், பிள்ளைக்குப் பாலூட்டும் தாய் என்று ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு செதுக்கல் இருக்கிறது. கூரையை அண்ணாந்து பார்க்க மறவாதீர்கள்: 26 கைமரங்கள் ஒரே ஒரு மர ஆப்பில் வந்து பொருந்தி நிற்கின்றன. முதலில் இந்த மண்டபத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டுவிட்டு அதன் பின்னர் கடைகளுக்குச் செல்லுங்கள். நல்ல செதுக்கல் எது என்று கண்ணுக்கு ஒரு அளவுகோல் கிடைத்துவிடும். கடைக்காரரின் பேச்சு அதற்குப் பிறகு அவ்வளவாக எடுபடாது.

கண்டிக்குக் கிழக்கே குண்டசாலைப் பக்கம் நத்தரம்பொத்தையில் வெள்ளியிலும் பித்தளையிலும் தட்டி வேலை செய்யும் குடும்பங்கள் உள்ள கைவினைஞர் கிராமம் இருக்கிறது. அதற்கும் அப்பால் ஹேனவலவில் தும்பறைப் பாய் நெய்கின்றனர். பாய் என்று பெயர் இருந்தாலும் அது பன்பாய் போலப் பின்னுவதன்று. ஹண என்னும் கற்றாழை இனச் செடியின் நாரைச் சீவி எடுத்து, திரித்து, நிறமேற்றித் தறியில் நெய்வது. சிவப்புக்குப் பதங்கி மரக்கட்டையை அவிப்பர். இக்கைவினை 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நெய்கிற குடும்பங்களோ மிகச் சிலவே. பனையோலைப் பெட்டியின் விளிம்பைப் பார்த்தே பின்னியவரின் கைத்திறத்தைச் சொல்லிவிடும் யாழ்ப்பாணத்துக் கண் இங்கே பயன்படும்: பாயின் ஓரம் நேராக ஓடுகிறதா, யானை மான் உருவங்களின் கால்கள் இருபுறமும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நாரைச் சீவுவதைக் காட்டச் சொல்லிக் கேட்டால் மறுக்காமல் காட்டுவார்கள். அந்த வேலையைப் பார்த்தபின் விலை கூடுதலாகத் தோன்றாது.

மாத்தளைப் பக்கம் ஹபுவிதவில் நடக்கும் அரக்கு வேலை இன்னொரு வகை. வேறிடங்களில் கடைசல் பொறியில் சுழலும் மரத்தின்மீது அரக்கைத் தேய்ப்பார்கள். இங்கே சூடாக்கிய அரக்கை மெல்லிய இழையாக இழுத்து, பெருவிரல் நகத்தாலேயே நறுக்கி, கைத்தடியிலும் விசிறிப் பிடியிலும் பூக்கோலமாக ஒட்டுகின்றனர். நகமே கருவி. கிராமங்கள் எல்லாவற்றுக்கும் செல்ல நாளில்லாதவர்கள் கண்டி வாவிக்கரையில் உள்ள கண்டிக் கலைச் சங்கத்துக்குப் போகலாம்; 1882இல் தொடங்கப்பட்ட அச்சங்கத்தில் மாலைதோறும் நடன நிகழ்ச்சியும் உண்டு. இக்கைவினைகளை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்து 1908இல் நூலாக்கியவர் யாழ்ப்பாண வேர் கொண்ட குடும்பத்தில் வந்த ஆனந்த குமாரசுவாமி என்பதை, இந்தப் பக்கம் போகும் நம்மவர்கள் அறிந்திருப்பது நல்லது.

தோட்டத்துக் கூத்துக்குப் போவது

காமன்கூத்துக்குப் பயணச்சீட்டும் இல்லை, சுவரொட்டியும் பெரும்பாலும் இல்லை. எந்தத் தோட்டத்தில் எந்த இரவு தகனம் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் சற்று மாறும். அட்டனிலோ தலவாக்கலையிலோ பதுளையிலோ படிப்பிக்கும் நண்பர் ஒருவரைக் கொண்டு தோட்டத்துக் கோயில் நிர்வாகத்தாரிடம் கேட்டு, வரலாமா என்று அனுமதி பெற்றே செல்லுங்கள். அது அவர்களின் நேர்த்தி. நமக்குக் காட்டுவதற்காக ஆடப்படுவதன்று. தப்பு அதிர, இரதியும் மதனும் திருமணம் முடித்து வீடு வீடாக ஆடி வருவதும், சிவன் தவத்தைக் கலைத்த மதன் எரிவதும், இரதி புலம்புவதும் விடிய விடிய நடக்கும். நம்மூர்க் கூத்தைப் போல மேடையும் திரையும் தேடவேண்டாம்; தோட்டமே களரி. புலம்பலின்போது பார்த்திருக்கும் பெண்களும் அழுவார்கள். அந்த வேளையில் கைத்தொலைபேசியை நீட்டாதீர்கள். கூத்துச் செலவுக்கு ஒரு தொகையைக் காணிக்கையாக நிர்வாகத்தாரிடம் கொடுப்பதே முறை. லயத்து வீடுகளில் தங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். இருக்கிற ஒரு அறையையும் விருந்தினருக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் திண்ணையில் படுப்பார்கள் என்பதால், கிட்டிய நகரில் அறை எடுத்துக்கொண்டு தேநீருக்கு மட்டும் உடன்படுங்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் தோட்டத்து மக்களைக் குறித்து வழங்கிவந்த இழிசொல் எது என்பது நமக்குத் தெரியும். பிள்ளைகளை அழைத்துச் செல்வதாயின், போகுமுன் வீட்டிலேயே அதைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

வாங்குதல்

வண்டிச் சாரதி தாமாகவே ஒரு கடைக்கு அழைத்துச் சென்றால் அங்கே அவருக்குத் தரகு உண்டு என்று கொள்ளலாம். மாத்தளை வீதியிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். கண்டிக் கடைகளில் தொங்கும் முகமூடிகள் தென்கரையில் அம்பலாங்கொடையின் மரபைச் சேர்ந்தவை. பிடித்தால் வாங்குங்கள், மலைநாட்டுப் பொருள் என்று எண்ணி வாங்கவேண்டாம். பித்தளை விளக்கை வாங்கும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்: காந்தம் ஒட்டினால் அது பித்தளைப் பூச்சுப் பூசிய இரும்பு. விளக்கைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பகுதியையும், தண்டின் திருகு பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். தண்டு ஆடினால் ஏற்றிய விளக்கும் ஆடும். மரச் செதுக்கலில் கருமை மரத்தின் நிறமா பூச்சா என்பதை அடிப்பக்கத்தில் நகத்தால் சுரண்டி அறியலாம். பழம்பொருள் என்று சொல்லப்படும் எதையும், குறிப்பாகக் கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினருக்கு அனுப்பும் எண்ணத்துடன், வாங்கவேண்டாம். தொல்பொருட்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வது குற்றம்.

விலை பேசுவதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கடையில் பேசுவேன், தறியில் இருப்பவரிடம் பேசமாட்டேன். சிங்களம் தெரியாதவர்கள் 'கீயத' என்ற ஒரு சொல்லை, அதாவது எவ்வளவு என்பதை, அறிந்தால் போதும். எண்ணைக் கைத்தொலைபேசியில் தட்டிக் காட்டுவார்கள். 'ஐயா' என்று நாம் மரியாதையாக அழைத்தால் அவர்கள் காதில் அது அண்ணன் என்று விழும். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. கிராமத்துப் பட்டறைகளில் பணத்தாளே செல்லும் என்பதால் சில்லறையாகக் கொண்டு செல்லுங்கள். குத்துவிளக்கு அல்லது வாசற்கதவுச் செதுக்கல் போன்றவற்றைச் சொல்லிச் செய்விப்பதாயின், அளவைத் தாளில் வரைந்து கொடுத்து, முற்பணத்துக்கு ரசீது பெற்று, பெரஹரா முடிந்த பிறகு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். விழா நாட்களில் சொல்லும் தவணையை எந்தப் பட்டறையாலும் காப்பாற்ற முடிவதில்லை.

வீடு வந்தபின் செய்யவேண்டியவை சில உள்ளன. மலைநாட்டு ஈரத்தில் செதுக்கிய மரம் யாழ்ப்பாணத்து வரண்ட காற்றில் சுருங்கி வெடிக்கும். முதல் இரண்டு மூன்று மாதம் யன்னலோரத்திலும் மின்விசிறிக்கு நேரேயும் வைக்காமல், உள்ளறையில் துணி சுற்றி வைத்துப் பழக்குங்கள். அரக்குப் பொருளை வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும். தும்பறைப் பாயைத் தண்ணீரில் தோய்க்காமல் உதறி நிழலில் காயவிடுங்கள். மடித்தால் நார் முறியும் என்பதால் சுருட்டியே வையுங்கள். பித்தளையைப் புளி போட்டு மினுக்குவது நமக்குப் பழகிய வேலைதான். ஆனால் கடையில் மெருகெண்ணெய் பூசிக் கொடுத்த விளக்குக்குப் புளி ஆகாது, ஈரமில்லாத துணி போதும். பூசியதா இல்லையா என்பதை வாங்கும்போதே கேட்டு, விளக்கின் அடியில் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.